இறங்கும் வழி நோட்டு

அன்பு நிறைந்த சவரிமுத்து சார்,

இந்தக் கடிதத்தில் என்னென்ன வரும் என்று முதலிலேயே எண் போட்டு எழுதிவிடுகிறேன். "இன்னா சார், லெட்டருக்குக்கூட பஸ்ஸு மாதிரி ஸ்டேஜ் போடுறீங்களா" என்று சிரிப்பீர்கள். எண் போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

1. நாம் எப்படிப் பழகினோம் என்பது. உங்களுக்குத் தெரிந்ததுதான். இதை அச்சில் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக.

2. வழிப்பயணக் கதைகளைப் பற்றி நான் வகுப்பில் சொல்லிவந்ததும், அதற்கு நீங்கள் சொன்னதும்.

3. உங்கள் நாவலுக்கு நான் எழுதிக்கொடுத்த ஏழு குறிப்புகளும், அவற்றை நீங்கள் எடுத்துக்கொண்ட விதமும்.

4. உங்கள் இரண்டாவது நோட்டைத் தேடி வெள்ளிமலைக்குப் போய் வந்தது. ஆமாம், போய் வந்தது நான்தான்.

5. உங்கள் நாயகன் கடைசிவரை தான் யார் என்று கண்டுகொள்வதில்லை என்ற என் ஏழாவது குறிப்பு. மற்ற ஆறையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இது ஒன்று மட்டும் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கள்ளக்குறிச்சிக் கிளை நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலிதான் ஆடாமல் நிற்கும். அதில் நான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் காக்கிச் சட்டையோடு, கழுத்தில் விசில் கயிறு தொங்க, நீங்கள் வந்து பக்கத்தில் நின்றீர்கள். நாற்காலியைக் கேட்கப்போகிறீர்கள் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன்.

"ஒக்காருங்க சார். நீங்க காலேஜ்ல தமிழ் வாத்தியாருதானே? பஸ் கண்டக்டரு வர்ற கத எதுனா இருந்தா சொல்லுங்க. படிக்கணும்."

நிறைய இருக்கின்றன என்றேன்.

"வந்து இன்னா பண்றாரு?"

யோசித்துப் பார்த்தேன். "டிக்கெட் கொடுக்கிறார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அதான் சார். எல்லாக் கதையிலயும் டிக்கெட்டு குடுத்துட்டுப் பூட்றோம்" என்று சொல்லி, நூலகர் முறைக்கிற அளவுக்குச் சிரித்தீர்கள்.

அன்றே என்னிடம் எந்த ஊர் என்று கேட்டீர்கள். நைனார்பாளையம் என்றேன். "நல்ல ஊரு சார், சின்னசேலம் ரூட்டு" என்றீர்கள். நான் திருப்பிக் கேட்கவில்லை. நம் பக்கத்தில் பேரைக் கேட்கும் முன் ஊரைக் கேட்பார்கள். ஊரைக் கேட்டால் அடுத்து தெருவைக் கேட்டதாக ஆகும். தெருவைக் கேட்டால் வேறொன்றைக் கேட்டதாக ஆகும். அந்தக் கூச்சத்தில் நான் யாரையும் ஊர் கேட்பதில்லை. அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருடம் உங்களோடு பழகியும் நான் கேட்காத ஒரே கேள்வி அதுதான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று. என்னைவிட இரண்டு வயது மூத்தவரான உங்களை நான் கடைசிவரை 'சார்' என்றே கூப்பிட்டேன். "சாருனு கூப்டாதீங்க சார், டிப்போ மேனேஜரு ஞாபகம் வருது" என்று ஒருமுறை சொன்னீர்கள். பிறகு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். "எப்டினா கூப்டுங்க. வண்டில இன்னா இன்னாமோ சொல்லிக் கூப்புடுறாங்க, எல்லாத்துக்கும்தான் திரும்பிப் பாக்குறேன்." நான் ஒரு வாரம் யோசித்தேன். அண்ணன் என்றால் உரிமை எடுத்துக்கொண்டதாக ஆகுமோ என்று பயந்து சாரிலேயே நின்றுவிட்டேன்.

இனி இரண்டாவது.

முப்பது வருடம் நான் வகுப்பில் சொல்லிவந்தது இது. ஒருவன் வீட்டை விட்டுப் பாதையில் இறங்குகிறான். போகப் போகப் பாதை அவனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறது: கூட வந்தவர்களை, கையில் இருந்ததை, கடைசியில் அவன் பெயரையே. எல்லாம் போன பிறகு எது மிஞ்சுகிறதோ அதுவே அவன். எந்த மொழியில் எழுதினாலும் வழிப்பயணக் கதையின் எலும்பு இதுதான் என்று கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதுவேன்: புறப்பாடு, இழப்பு, சேர்தல். மாணவர்கள் அதை அப்படியே எழுதி மார்க்கு வாங்கினார்கள்.

இதை உங்களிடம் சொன்னபோது ஏரிக்கரைப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"சார், தெனமும் போயி தெனமும் திரும்பி வர்றவனுக்கு?"

"அது பயணமில்லை, வேலை" என்றேன்.

"அப்ப நான் இருவத்தாறு வருசமா எங்கியுமே போவலையா?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அல்லது சிரித்தீர்களோ? என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இதில் வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. பாதைகளைப் பற்றி இவ்வளவு பேசிய நான் எந்தப் பாதையிலும் போனதில்லை. வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். கல்லூரி மாடியிலிருந்து பார்த்தால் மழை விட்ட நாட்களில் கல்வராயன் மலை பக்கத்துத் தெருபோலத் தெரியும். முப்பது வருடம் பார்த்தேன், ஒருநாளும் ஏறவில்லை. "என் வண்டில வாங்க சார், முன்னாடி சீட்டு போட்டுத் தரேன்" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பீர்கள். பரீட்சைத்தாள் இருக்கிறது என்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொன்னேன். "இன்னும் எந்தப் பரீட்ச சார்?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டீர்கள்.

மூன்றாவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நீங்கள் ஓய்வு பெற்ற வருடம், பழுப்புக் காகித அட்டை போட்ட இரண்டு நீள நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள். ஒன்றின் மேல் 'ஏறும் வழி' என்று எழுதியிருந்தது, மற்றதில் 'இறங்கும் வழி'. நாவல் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. "எதோ எழுதிக்கினு இருந்தேன் சார், பாருங்க" என்றீர்கள்.

கதை இதுதான். பெயரில்லாத ஒரு கண்டக்டர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிறார். கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு மலை. ஏறுகிற ஒவ்வொருவரையும் "எங்க?" என்று கேட்கிறார். அவரவர் தங்கள் ஊரைச் சொல்கிறார்கள். அவரை யாரும் கேட்பதில்லை. அவருக்குச் சொல்ல ஊரும் இல்லை. அது ஏன் என்று கதை சொல்வதில்லை. இரண்டாவது நோட்டில் அதே வண்டி, அதே நிறுத்தங்கள் வழியாக, தலைகீழ் வரிசையில் இறங்குகிறது.

நான்கு மாதம் வைத்திருந்து ஏழு குறிப்புகள் எழுதினேன். முதல் மூன்றும் ஐந்தாவதும் எழுத்துப்பிழை, வாக்கிய நீளம் போன்றவை, அவை போகட்டும். மீதி மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான்காவது: "நாயகனுக்கு ஊரே இல்லை என்பது நம்பும்படி இல்லை. ஊர் இல்லாமல் நம் பக்கத்தில் ஒரு மனிதன் இருக்க முடியுமா? ஏதாவது ஓர் ஊர் கொடுத்தால் என்ன?"

ஆறாவது: "இறங்கும் வழி முழுவதும் நிகழ்ச்சி இல்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் யாராவது உறவுமுறை சொல்லிக் கண்டக்டரைக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பாகம் தேவையா?"

ஏழாவது: "நாயகன் எதையும் சென்று சேரவில்லை. தான் யார் என்று கண்டுகொள்ளவும் இல்லை."

நான் வாத்தியார். ஓரத்தில் கேள்விக்குறி போட்டால், மாணவன் மறுநாள் வந்து என்னோடு சண்டை போட வேண்டும் என்று அதற்குப் பொருள். நீங்களும் வருவீர்கள், "இன்னா சார் இப்டி எழுதிட்டீங்க" என்பீர்கள், ஒரு மாதம் பேசலாம் என்று காத்திருந்தேன்.

ஆனால் நீங்கள் கண்டக்டர். உங்கள் வேலையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் நடுவழியில் ஏறி, பார்த்து, தாளில் ஒரு குறிப்பு எழுதினால் அதற்குக் கீழே 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். 'ஏன்?' என்று அவர் எழுதினால் அது கேள்வி இல்லை. பதில் பேசினால் மெமோ வரும். முப்பத்து நான்கு வருடம் அப்படியே செய்தவர் நீங்கள். அது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் என் தாள் திரும்பி வந்தது. ஏழு குறிப்புகளுக்குக் கீழும், ஏழு முறை, நீலப் பேனாவில்: "கண்டேன். அவ்வாறே செய்யப்படும். ச.மு." நான் அதை உங்கள் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் காட்டிச் சிரிக்கவும் செய்தேன்.

பிறகு முதல் நோட்டை மட்டும் திருத்திக் கொண்டுவந்தீர்கள். நாயகனுக்கு ஊர் வந்திருந்தது: நைனார்பாளையம். என் ஊர். எனக்குப் பெருமையாக இருந்தது. நட்புக்கு மரியாதை செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"இரண்டாவது நோட்டு?"

"நீங்கதான் தேவையான்னு கேட்டிருந்தீங்களே சார்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கேட்டேன், தீர்ப்புச் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம் போதும். அதை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு, "டீ சாப்ட வரீங்களா" என்றீர்கள். வந்தேன். டீ குடித்தோம். சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் டீ குடித்திருக்கிறோம். அந்த ஒரு வாக்கியம் என் வாயிலேயே இருந்தது.

போன வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் மகள் ஜெயசீலி போன் செய்தாள். அடக்கப் பூசையின்போது, உங்கள் கோயிலுக்குள் வரலாமோ கூடாதோ என்று தெரியாமல் நான் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கூட்டம் மறைத்துவிட்டது. கடைசியாக நான் பார்த்தது பெட்டியின் ஒரு மூலையைத்தான்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்குள் உங்கள் நாவலைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஜெயசீலி முடிவு செய்திருக்கிறாள். சங்கராபுரத்தில் நர்ஸ் வேலை முடிந்து வந்து, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் டைப் அடிக்கிறாள். இரண்டாவது நோட்டைக் கேட்டுப் போன மாதம் நான் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் துணைவியார் லூர்து மேரி அம்மா கல்லறைக்குப் பூசச் சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தார்.

"அது ஏதுங்க இப்போ? நீங்கதான் வேணாம்னுட்டீங்களாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"வீட்டில் எங்காவது இருக்கும்மா. தேடிப் பார்க்கலாம்."

"வூட்ல இல்லிங்க. வெள்ளிமல வண்டில ஏறிப் போயி, கடைசி சீட்டுல வச்சிட்டு எறங்கி வந்துட்டாரு. ஏன்யா இப்டி பண்ணேன்னு கேட்டேன். என்னிய எங்க வுட்டாங்களோ அங்கியே அதையும் வுட்டுட்டேன், யாருனா எடுத்து வளத்தா வளக்கட்டும்னாரு."

எனக்கு விளங்கவில்லை. "அவரை எங்கே விட்டார்கள்?"

அம்மா சுண்ணாம்புப் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதுங்களா? இத்தினி வருசம் ரெண்டு பேரும் ஒண்ணாவே சுத்திக்கினு இருந்தீங்களே."

அப்போதுதான் சொன்னார். மலைக்கு வண்டிப் பாதை இல்லாத காலம். மலைக்காரர்கள் நடந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறுவார்கள். அந்த வண்டி ஒருநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காலியான பிறகு, கடைசி சீட்டில் துணியில் சுற்றிய ஒரு குழந்தை இருந்தது. கண்டக்டர் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தார். சாமியார் சவரிமுத்து என்று பேர் வைத்தார். கோயில் விடுதியில் வளர்ந்தீர்கள். மலையா, வழியில் இருக்கிற ஏதாவது ஊரா, எங்கே ஏறிய குழந்தை என்று யாருக்கும் தெரியாது.

"அதனாலதான் அந்த ரூட்ட வுடவே மாட்டேன்னுட்டாரு. சீனியாரிட்டிக்கு மெட்ராஸ் வண்டியே குடுத்தாங்க, வேணாம்னுட்டாரு."

ஊர் இல்லாமல் ஒரு மனிதன் இருக்க முடியுமா என்று நான் கேட்டிருந்தேன். அதற்குக் கீழே நீங்கள் 'கண்டேன்' என்று எழுதியிருந்தீர்கள்.

சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இது என் கதை ஐயா என்று, கோபமாகவாவது? இல்லை, நான் கேட்பேன் என்று இருபத்தேழு வருடம் காத்திருந்தீர்களா?

நான்காவது. போன வாரம் வெள்ளிமலைக்குப் போனேன்.

எலுமிச்சம்பழம் இரண்டு, பிளாஸ்டிக் கவர் நான்கு, எழுத ஒரு தாள், பேனா. டிரைவருக்குப் பின் சீட். இப்போது டிக்கெட் மெஷினில் வருகிறது. பெண்களுக்குக் காசு இல்லை, ஆனாலும் ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். காசு வாங்காத போதும் கண்டக்டர் ஒவ்வொரு பெண்ணிடமும் "எங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் போகிறார். அந்தச் சொல்லை அன்றுதான் நான் காதால் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

கடைசி சீட்டில் யாராவது நோட்டு விட்டுப்போனால் எங்கே போகும் என்று அவரிடம் கேட்டேன்.

"பெரியவரே, வண்டில வுட்டுட்டுப் போறதுல முக்காவாசி கொட, மீதி தூக்குச்சட்டி. நோட்டு எவனும் வுட்டதில்ல."

"பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் பத்தாவது ஃபெயிலு" என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார்.

மூன்றாவது வளைவிலேயே எனக்கு ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் புளி மூட்டையோடு ஒரு பெண். "பெருசு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கோங்க, எம் புளி மேல எடுத்துடாதீங்க" என்றவர், பிறகு தானே என் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுளை புளியை என் வாயில் வைத்தார். எலுமிச்சம்பழத்துக்குக் கேட்காத குமட்டல் அதற்குக் கேட்டது.

மலை உச்சியில் வண்டி அரை மணி நேரம் நிற்கும் என்றார்கள். டீக்கடையில் உங்கள் நோட்டைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். "சவரி மாமா நோட்டா? மாமா கதயெல்லாமா எழுதுனாரு? எங்கிட்ட ஒருநாளும் சொல்லலியே" என்று குறைப்பட்டுக்கொண்டார். போன வருடம் போய்விட்டீர்கள் என்று சொன்னேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

இறங்கும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டேன். எங்கே யார் என்ன சொன்னார்கள் என்று தாளில் குறித்துக்கொண்டேன். நோட்டு யாரிடமாவது இருந்தால் பிறகு தேடி வர உதவும் என்பதற்காக.

பள்ளிக்கூட வளைவில் கடுக்காய்ப் பையோடு ஏறிய ஒரு பெண், உங்கள் பெயரைச் சொன்னதும் தன் பையை என் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எங்கண்ணனைக் கேக்குறீங்களா? எங் கல்யாணத்துல பொறந்தவன் மொற செய்ய ஆளில்ல. வண்டிய ரோட்டுல நிறுத்திட்டு, காக்கிச் சட்டையோட வந்து செஞ்சிட்டுப் போனாருங்க. வண்டில இருந்த அத்தினி பேரும் எறங்கி வந்து சாப்ட்டாங்க."

அடுத்த நிறுத்தமான ஓடைப் பாலத்தில் ஒரு கிழவர் ஏறவே இல்லை. கேட்பதற்காகவே ஜன்னலுக்கு வந்தார். "எம் மருமவனா? எம் பொண்ணக் கட்டிக்கடான்னேன். அடுத்த ட்ரிப்பு வரட்டும்னான். வந்துக்கினேதான் இருந்தான், கட்டிக்கல" என்று சிரித்தார். வண்டியே சிரித்தது. பிறகு, "ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று கேட்டார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் பதில் சொல்லாமலே வண்டி நகர்ந்தது. என் வாழ்க்கையில் இது எத்தனையாவது முறை?

அணைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. உங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். "எம் மவன் எங்க?" என்றார். இந்த முறை சொன்னேன். சொல்லியே ஆக வேண்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வண்டிப் படியைத் தொட்டார், நெற்றியைத் தொடுவதுபோல.

நோட்டு கிடைக்கவில்லை. "இந்நேரம் கடல மடிச்சிருப்பாங்க" என்றார் ஒருவர். உண்மையாக இருக்கலாம்.

ஆனால் இறங்க இறங்க அந்த நோட்டு எனக்கு ஞாபகம் வரத் தொடங்கியது. அதை முழுவதும் படித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான், அதுவும் அலுப்போடு படித்தவன். இறங்கும் வழியில் உங்கள் கண்டக்டர் யாரையும் "எங்க?" என்று கேட்பதில்லை, எல்லாரும் கள்ளக்குறிச்சிக்கே போகிறார்கள். கடைசிப் பக்கமும் ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் பின்னால் நடந்துபோய்க் கடைசி சீட்டைப் பார்க்கிறார். யாரும் எதையும் விட்டுப் போகவில்லை. சீட்டைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டு இறங்குகிறார். அவ்வளவுதான் முடிவு. அதைப் படித்துவிட்டுத்தான் நான் ஏழாவது குறிப்பை எழுதினேன்.

இப்போது ஐந்தாவதுக்கு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது அந்தக் குறிப்பு சரி என்றுதான் நினைத்தேன். உங்கள் துயரமே அதுதானே என்று வாதம் செய்ய இருந்தேன்: உங்கள் நாயகன் தேடியது கிடைக்கவில்லை, உங்களுக்கும் கிடைக்கவில்லை, ஆகவே கதை உண்மையானது, என் குறிப்பும் உண்மையானது. மூன்று பத்திகள் மனத்தில் தயாராக இருந்தன.

அதற்கு முன், வண்டியில் ஆடி ஆடிக் கிறுக்கிய தாளை ஜெயசீலிக்காகச் சுத்தப் பிரதி எடுத்தேன். இடது பக்கம் நிறுத்தத்தின் பெயர், வலது பக்கம் அங்கே உங்களைச் சொன்ன சொல். மேலிருந்து கீழே:

வெள்ளிமலை: மாமா.
பள்ளிக்கூட வளைவு: அண்ணன்.
ஓடைப் பாலம்: மருமகன்.
அணைக்கட்டு: மகன்.

இதை மேலிருந்து கீழே மறுபடி படித்தேன், சார். இது என் தாள் இல்லை, உங்கள் இரண்டாவது நோட்டு. நீங்கள் எழுதியது இதைத்தான். ஏறும்போது எல்லாரையும் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டு போகிறவரை, இறங்கும்போது ஒவ்வோர் ஊரும் ஓர் உறவுமுறை சொல்லித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. நிகழ்ச்சி இல்லை என்று நான் எழுதிய பாகத்தில் நடந்தது அதுதான். கடைசி சீட்டைத் துடைக்கிறவர் அந்தச் சீட்டில் யாரையும் தேடவில்லை. யாரும் விடுபட்டுப் போகவில்லையே என்று பார்த்துக்கொள்கிறார்.

மேலே போய் ஐந்தாவதை அடித்துவிட்டு, நல்லபடியாக வேறு எழுதலாம். அடிக்கவில்லை. குறிப்பை உங்களுக்கு மட்டும் தனியாகத் தாளில் கொடுத்தேன், அதிலிருந்த என் தப்பையாவது எல்லாரும் பார்க்கும்படி அச்சில் விடுகிறேன்.

ஒரு வாக்கு. புத்தகத்தில் 'ஏறும் வழி' முடிந்த பிறகு 'இறங்கும் வழி' என்று போட்டு, பக்கத்துக்கு ஒரு நிறுத்தமாக, பெயரை மட்டும் அச்சிட்டு மீதியை வெள்ளையாக விடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வாக்கியங்களை நான் கற்பனை செய்து நிரப்ப மாட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அந்த வண்டியில் போய், உங்களைத் தெரிந்தவர்கள் சொல்வதை எழுதி வருவேன். புளி மூட்டைக்காரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு யாரிடமாவது இருந்தால், இதைப் படித்துவிட்டு லூர்து மேரி அம்மாவிடம் சேர்க்கட்டும். கடலை மடித்தது போக நாலு பக்கம் மிஞ்சியிருந்தாலும் போதும்.

முதல் நோட்டில் நைனார்பாளையத்தை எடுத்துவிட்டுப் பழையபடி ஊரில்லாமல் போடலாமா என்று ஜெயசீலி கேட்டாள். வேண்டாம் என்றேன். உங்கள் நாயகனுக்கு நான் ஊர் கேட்டேன், நீங்கள் என் ஊரை எடுத்துக்கொண்டீர்கள். அது நான் கொடுத்ததாகவே இருக்கட்டும். ஒரே ஊர்க்காரர்கள் என்றால் 'சார்' என்று கூப்பிட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அண்ணே, என் ஐந்தாவது தவறு. அதற்குக் கீழே நானே எழுதுகிறேன்: கண்டேன்.

நைனார்பாளையத்து உங்கள் தம்பி,
கோவிந்தராசன்